கண்ணுக்கு இமை உண்டு... காதுக்கு?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையை அடுத்த பனையூரில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ஆம் நாள் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றார்கள். நெரிசலில் பெண்கள் பட்ட அவமானத்தைச் செய்தித்தாள்கள் எழுதின. பெற்றோரின் கையை விட்டுப் பிரிந்த பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ரகுமானும் வருத்தம் தெரிவித்தார், தாம்பரம் காவல்துறை வழக்குப் பதிந்தது.

அந்தச் சாலைதான் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, நம் வானூர் வட்டத்தின் கோட்டக்குப்பத்தைத் தொட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போகிறது. அந்த ஞாயிறன்று பனையூருக்குப் போன குடும்பங்களுக்கும் நமக்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணம்தான். சாலையோர விடுதிகளில் புத்தாண்டு இரவுகளில் நடக்கும் டி.ஜே. நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற பெற்றோர் இன்று நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். எனவே இது யாரோ பட்டணத்துப் பணக்காரர்களின் கதை அல்ல.

பனையூருக்குப் பிறகும் நாம் பாடம் கற்கவில்லை. 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. நிகழ்ச்சி நடுவிலேயே தடைபட்டது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்தது இசை நிகழ்ச்சி அல்ல, நடிகர் ஒருவரின் அரசியல் கூட்டம். ஆனால் அங்கே நெரிசலில் இறந்த 41 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை எந்தப் பெற்றோரால் மறக்க முடியும்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2021 நவம்பர் 5 அன்று 'ஆஸ்ட்ரோவேர்ல்டு' இசை விழாவின் நெரிசல் பத்து உயிர்களைப் பறித்தது. அவர்களில் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். கூட்டம் மேடையை நோக்கி நெருக்கும்போது பெரியவர் தோளில் இருக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை. தாங்குகிற மனிதர் மூச்சுத் திணறிச் சாய்ந்தால் பிள்ளையும் விழும்.

நெரிசல் ஆபத்து என்பது எல்லாருக்கும் புரியும். அதை விளக்க இந்தப் பக்கம் தேவையில்லை. யாரும் பேசாத இன்னொன்று இருக்கிறது. நெரிசலே இல்லாமல், நிகழ்ச்சி மிக ஒழுங்காக நடந்து, குடும்பம் முழுவதும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினாலும் பிள்ளை இழந்து வரக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் செவி.

2024-ஆம் ஆண்டு இறுதியில் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் நாடெங்கும் நிகழ்ச்சிகள் நடத்தினார். நவம்பர் 15 அன்று ஐதராபாத் நிகழ்ச்சிக்கு முன் தெலங்கானா அதிகாரிகள் அவருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள். மது, போதை, வன்முறையைப் போற்றும் பாடல்கள் வேண்டாம் என்ற பகுதி மட்டும்தான் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதே அறிவிப்பில், பிள்ளைகளை மேடையில் ஏற்றக்கூடாது என்றும் இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்களின் காது 140 டெசிபலுக்கு மேலான ஒலி உச்சத்தைச் சந்திக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்த எல்லை 120 டெசிபல்தான் என்பது காரணம். டிசம்பர் 14-ஆம் நாள் நிகழ்ச்சிக்கு முன் சண்டிகர் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இதையே வலியுறுத்தியது. 2025 சனவரியில் 'கோல்டுபிளே' குழுவினர் அகமதாபாத்திற்கு வந்தபோது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு ஒரு படி மேலே போனது: காதடைப்பான் இல்லாத பிள்ளைகளை உள்ளேயே விடாதீர்கள் என்றது.

மேடையில் நிற்கும் ஒரு பிள்ளைக்காகக் கவலைப்படுகிற சட்டம், ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் நிற்கிற ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி முதலில் பேசவில்லை என்பது வேடிக்கைதான். மேடையில் இருப்பவர்களின் பக்கம்தான் பெரிய பெட்டிகளின் முதுகு இருக்கும். வாய் இருப்பது பார்வையாளர் பக்கம்! அகமதாபாத் அறிவிப்புதான் அந்த இடத்தைச் சரியாகத் தொட்டது.

இந்த டெசிபல் கணக்கு நம்மில் பலருக்குக் குழப்பம். எடையைப்போல, தூரத்தைப்போல அது ஏறுவதில்லை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவின்படி, பிள்ளைகள் 75 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். பெரியவர்களுக்கு அது 80 டெசிபல். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 100 டெசிபலை எட்டும்போது ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது வாரத்திற்கு ஏறக்குறைய ஏழரை நிமிடம். ஒரு பாட்டு, அடுத்த பாட்டின் பல்லவி, அவ்வளவுதான். நிகழ்ச்சியோ மூன்று மணி நேரம்.

அதே நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று தனி விதிமுறை ஒன்றை வெளியிட்டது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. காதடைப்பான்கள் கிடைக்க வேண்டும். சற்று ஒதுங்கிக் காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும் என்பவை அதில் சில. நம் ஊர்த் திடல்களில் ஒலியை அளக்கும் கருவியோடு யாராவது நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

காதுக்குள் நடப்பது இதுதான். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சிறிய உறுப்பு ஒன்று உண்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்மயிர்ச் செல்கள், காற்றில் ஆடும் நாற்றுபோல் ஒலிக்கு ஏற்ப அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பெருங்காற்றில் நாற்று சாய்வதுபோல் பேரொலியில் இவையும் சாய்கின்றன. சில மணி நேரத்தில் நிமிரலாம். நிகழ்ச்சி முடிந்து வரும்போது காது அடைத்தாற்போல் இருப்பதும், இரவு முழுவதும் காதுக்குள் 'ஙொய்' என்று இரைவதும் அதன் அடையாளம். மீண்டும் மீண்டும் அடிபட்டால் அவை மடிகின்றன. நாற்றையாவது மறுபடி நடலாம். மனிதக் காதில் இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். வகுப்பறையில் ஆசிரியர் சொல்லும் 'ச', 'ஃப' போன்ற ஒலிகள் தெளிவில்லாமல் போகும். பிள்ளை கவனிக்கவில்லை என்று அடி விழும்.

"என் குழந்தை அந்தச் சத்தத்திலும் நன்றாகத் தூங்கியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்று பெருமையோடு சொல்லும் தாய்மார்கள் உண்டு. கண்ணுக்கு இமை வைத்த இறைவன் காதுக்குக் கதவு வைக்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் காதும் திறந்தே இருக்கிறது. உட்செவி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. பெரியவர்கள் எரிச்சல் வந்தால் எழுந்து போகலாம், காதைப் பொத்தலாம். கைக்குழந்தை அழத்தான் முடியும், அந்த அழுகையும் அங்கே யாருக்கும் கேட்காது. 2024 மே மாதம் பாரீசில் டெய்லர் சுவிப்ட் நிகழ்ச்சியின்போது, பச்சைக் குழந்தை ஒன்று அரங்கத்தின் தரையில் துணி விரித்துக் கிடத்தப்பட்டிருந்த படம் உலகெங்கும் பரவியது. எல்லாரும் அந்தப் பெற்றோரைத் திட்டினார்கள். திட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்த் திருவிழாவில் குழந்தையை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பாயில் போட்டுவிட்டுக் கச்சேரி பார்த்தவர்கள் என்று தெரியாது.

இங்கேதான் நாம் நம் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறார். நம் கிராமங்களிலோ கச்சேரியே பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வருகிறது. திருமணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கோயில் கூழ் வார்த்தல், பங்குத் திருவிழா என எதுவானாலும் முதல் நாளே ரேடியோ செட் இறங்கிவிடுகிறது. முன்பு மரத்தில் கட்டிய ஒரு குழாய் ஒலிபெருக்கி; இப்போது ஆளுயரப் பெட்டிகள், வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டர், நெஞ்சுக்கூட்டை உலுக்கும் பேஸ். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளில் பகலெல்லாம் வெடிச்சத்தத்திலும் இயந்திர இரைச்சலிலும் நிற்கிற தொழிலாளியின் காது, இரவில் வீட்டிலாவது ஓய்வெடுக்கக் கூடாதா?

தேர்பவனி முடிந்ததும் நடக்கும் இன்னிசை நிகழ்ச்சியில் முதல் வரிசை யாருக்கு? நம் சிறாருக்குத்தான். "சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள்" என்று நாமே ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் தரையில் அவர்களை உட்கார வைக்கிறோம். மறைக்கல்விப் பிள்ளைகளின் நடனம் என்றால் ஒத்திகை நாள்களும் சேர்ந்துகொள்ளும். அன்பால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு அவர்களைத் திடலிலேயே மோசமான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. திறந்த வெளியில் பெட்டியிலிருந்து உள்ள தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் ஆறு டெசிபல்வரை குறையும். இரண்டு மீட்டரில் இருக்கிற பிள்ளையை எட்டு மீட்டருக்கு நகர்த்தினால் பன்னிரண்டு டெசிபல் மிச்சம். ஒரு காசு செலவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் இசையே தீது, ராக் இசை சாத்தானின் இசை என்று கிளம்பிவிட வேண்டாம். அப்படிச் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1997 செப்டம்பர் 27 அன்று இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் நற்கருணை மாநாட்டின் ஒரு பகுதியாக, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில், பல்லாயிரம் இளையோர் நடுவே பாப் டிலன் பாடினார். இங்கே வழக்கு இசையின் மீதல்ல, அளவின் மீது. பக்திப் பாடல் என்பதால் 110 டெசிபல் காதுக்கு இதமாகிவிடாது.

சட்டமும் நம் வாசலுக்கு வந்து போனதுதான். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த பெந்தகோஸ்து சபை ஒன்றின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் ஓசையைப் பற்றி அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2000 ஆகஸ்ட் 30 அன்று வந்த தீர்ப்பு, பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று தெளிவாக்கியது. முதியோர், நோயாளிகள், மாணவர், தூங்கும் குழந்தைகள் ஆகியோரின் உரிமையையும் நினைவூட்டியது. அது வேறு சபை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள்தான் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வைக்கின்றன. பத்து மணி விதி ஓரளவு எல்லாருக்கும் தெரியும். 55 என்ற எண்ணைத் தெரிந்த விழாக் குழுவினரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாதா? கைக்குழந்தையை வேண்டாம் என்றே சொல்வேன். பாட்டியிடம் விட்டுப் போகலாம், பாட்டி இல்லாவிட்டால் அந்த ஒரு நிகழ்ச்சி இல்லாமல் வாழலாம். வளர்ந்த பிள்ளைகள் என்றால், காது முழுவதையும் மூடும் உறைகள் பிள்ளைகளுக்கென்றே விற்கின்றன. பஞ்சை உருட்டி வைப்பது மனத்திருப்திக்குத்தான், ஒலியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. பெட்டிகளுக்குத் தூரமாய், வெளியேறும் வழிக்குப் பக்கமாய் இடம் பிடியுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே அழைத்து வாருங்கள். மறுநாள் காலையும் காதில் இரைச்சல் என்றாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். நம் பகுதிக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புத்திறனைச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

கூட்டத்தில் பிள்ளையைத் தொலைப்பது அன்னை மரியாவுக்கும் சூசையப்பருக்கும்கூட நேர்ந்தது என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கலாம். அவர்கள் போனது உற்றார் உறவினர் கூடிய பயணக் கூட்டம். பிள்ளை சொந்தக்காரர் யாருடனோ வருகிறான் என்று நம்பி ஒரு நாள் வழி நடந்தார்கள். அப்படி நம்பி நடக்கச் சீட்டு விற்ற திடலில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

பங்குத் திருவிழாவைப் பொறுத்தவரை இது நம் கையிலேயே இருக்கிறது. பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பிள்ளைகளின் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டலாம். முதல் பதினைந்து அடிக்குக் கயிறு கட்டி யாரையும் உட்காரவிடாமல் செய்யலாம். கைபேசியிலேயே ஒலி அளக்கும் செயலிகள் வந்துவிட்டன, அவை துல்லியமாக இல்லாவிட்டாலும் எச்சரிக்கைக்குப் போதும், இளையோர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கும்போதே ரேடியோ செட்காரரிடமும் இவற்றையெல்லாம் பேசிவிடுவது நல்லது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசினால் கேட்டுக்கொள்வார். கொடுத்த பிறகு, அதுவும் கச்சேரி சூடுபிடித்த பிறகு, நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது.