மலையகக் கணினிகளுக்கு ஒரு தரவுத்தளம்: தொடக்கப் பிரகடனம்

ஹட்டனில் கூடியுள்ள நாங்கள், தோட்டப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் சங்கக் காரியாலயங்களுக்கும் பயன்படும் லினக்ஸ் வழங்கல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்குகிறோம். அதை நிறுவும்போதே கூடவே வரும் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்று இன்று அறிவிக்கிறோம்.

தரவுத்தளத்துக்கா பிரகடனம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வரலாறே பதில். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்டக் கடதாசி இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்பதைக்கூட உடனே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிறுவும்போதே கூடவே வரும் இயல்புநிலை என்பது சின்ன விஷயமல்ல. பெரும்பாலானோர் அதை மாற்றுவதே இல்லை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 2018இல் 8.0 பதிப்புக்கு வரும்வரை அதன் இயல்புநிலை எழுத்துத்தொகுதி லத்தீன். அகரவரிசை சுவீடன் முறை. அமைப்பை மாற்றத் தெரியாத ஒரு பிள்ளை பழைய பதிப்பில் ‘லெட்சுமி’ என்று சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால் எட்டுக் கேள்விக்குறிகள் நிற்கக்கூடும். ஒரு மனுஷியின் பெயர் அப்படி அழிவதை நாங்கள் பொறுக்க மாட்டோம்.

மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். மைஎஸ்கியூஎல் 2008இல் சன் நிறுவனத்துக்கும் 2010இல் ஒராக்கிளுக்கும் கைமாறியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மொண்டி விடேனியஸ் 2009இல் அதிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். லினக்ஸ் வழங்கல்களில் ஃபெடோராவும் ஓப்பன்சூசேயும் 2013இல், டெபியன் 2017இல் மரியாடிபிக்கு மாறின. நல்ல முடிவு. ஆனால் மரியாடிபி நிறுவனமும் 2024இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸை விற்க எந்தக் கம்பனியாலும் முடியாது, அது எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை.

மழைக்காலத்தில் மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர் எங்களுடையது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தன் குறிப்பேட்டில் எழுதி, பிறகே அட்டவணையில் பதியும். நடுவில் மின்சாரம் போனாலும் திரும்ப எழும்போது விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் திறந்த மூலத்தில் எழுதிய சஹானா பேரிடர் மென்பொருள் உலகெங்கும் போனது. மைஎஸ்கியூஎல்லின் மேல்தான் அதைக் கட்டினார்கள். எங்கள் தரவுத்தளம் வேறென்றாலும், அவர்கள் இந்த நாட்டில் காட்டிய திறந்த மூல வழியிலேயே நாங்களும் நடக்கிறோம்.

எங்கள் வழங்கலில் தரவுத்தளம் தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்; சங்க உறுப்பினர் பட்டியல் தோட்டத் துரைமார் கைக்குப் போய்விடக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லச்சுமி, சேமலாப நிதியில் லட்சுமி என்று எழுதப்பட்டு, காசு கிடைக்காமல் அலையும் தாய்மாருக்காக, மூன்று எழுத்துக்கூட்டலையும் ஒரே ஆளுக்குக் கீழே வைக்கும் மாதிரி அட்டவணையை முதல் பதிப்பிலேயே தருவோம். நிறுவல் கையேடு தமிழிலும் சிங்களத்திலும் வரும். அட்டவணை எழுதத் தெரிந்தவர்களும், பழைய பேர்ப் பதிவுகளை வாசிக்கத் தெரிந்த முதியவர்களும் எங்களோடு சேர வேண்டும்.