கைப்பேசி தொழிலாளியுடையது, கட்டளை யாருடையது?

பெங்களூரு – ஓசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது சந்தாபுரா. ஒருபுறம் எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகள். அருகிலேயே பொம்மசந்திராவின் தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது தொழிலாளர்களின் குடியிருப்பு. கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த தமிழர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும் ஒரே வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

இவர்கள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு வேலை வருவது அதன் வழியாக. காவலாளிக்கு வருகைப் பதிவு அதில். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி வந்ததா என்று பார்ப்பதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், வட்டிக்குக் கடன் வாங்குவதும் அதில்தான். அது பழுதானால் அன்றைய வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. ஆகவே கைப்பேசியை நுகர்பொருள் என்று மட்டும் சொல்வது தவறு. சந்தாபுராவில் அது உழைப்புக் கருவி. அந்தக் கருவியைத் தொழிலாளி தன் சொந்தக் காசில், பெரும்பாலும் மாதத் தவணையில், வாங்குகிறார். ஆனால் அதை இயக்கும் கட்டளைகள் கலிபோர்னியாவில் எழுதப்படுகின்றன.

காஞ்சிபுரத்துக் கூலி நெசவாளிக்கு இந்த நிலை புதிதல்ல. தறி அவர் வீட்டில் இருக்கும், பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பது, சந்தையும் முதலாளியுடையது. தறி தன்னுடையது என்பதால் அவர் முதலாளி ஆகிவிடவில்லை. தறியின் தேய்மானச் செலவு அவர் தலையில் விழுந்தது, அவ்வளவே. இன்றைய செயலி நிறுவனங்கள் அந்தப் பழைய முறையை நாடு முழுவதற்கும் விரித்திருக்கின்றன.

பொதுச்சொத்துக்கு வேலி

இந்தியாவில் பயன்படும் திறன்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டின் கரு லினக்ஸ். 1991 முதல் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் சேர்ந்து எழுதி, யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்த நிரல் அது. மனிதகுலத்தின் கூட்டு உழைப்பு. அதன்மேல்தான் கூகுள் தன் மாளிகையைக் கட்டியது.

பொதுநிலம் எவ்வாறு வேலியிடப்பட்டது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ஆதித் திரட்டலைப் பற்றிய பகுதியில் விளக்கியிருக்கிறார். மென்பொருளில் வேலி ஒப்பந்தங்களின் வடிவில் வந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலிகள் மொத்தத்தையும் முன்கூட்டியே நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டைத் திருத்தி வேறு வடிவில் விற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைக் கைப்பேசி உற்பத்தியாளர்கள் மீது திணித்ததற்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் ஆணையம் இட்ட திருத்தக் கட்டளைகளில் சிலவற்றை நீக்கிவிட்டது. அபராதத்தைக் கட்டிவிட்டு ஏகபோகம் தொடர்கிறது.

தொடர்வது மட்டுமல்ல, இறுகுகிறது. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் உருவாக்கப் பணி முழுவதையும் தன் மூடிய அறைக்குள் நடத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. பதிப்பு முடிந்த பிறகே மூலநிரல் வெளியே வரும். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு: கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் எந்தச் செயலியை நிறுவுவதாயினும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவினாலும்கூட, அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் உலகெங்கும் இது விரியும் என்பது திட்டம். எதிர்ப்பு எழுந்ததும், ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி தருவதாக நிறுவனம் நவம்பரில் கூறியது. கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைக் காட்டுகிறார்கள்.

மோசடிச் செயலிகளைத் தடுக்கவே இது என்கிறது கூகுள். மோசடி உண்மைதான்; சந்தாபுராவின் தொழிலாளர்களைச் சூறையாடும் கடன் செயலிகள் உண்டு. ஆனால் அவற்றுள் பல பிளே ஸ்டோரின் வழியாகவே மக்களிடம் வந்தன என்பதும் உண்மை. நாளை ஒரு தொழிற்சங்கம் தன் உறுப்பினர்கள் வேலை நேரத்தையும் கூலியையும் பதிவுசெய்ய ஒரு செயலி எழுதினால், அதற்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதே இதன் பொருள். இந்த அதிகாரத்தை எந்த நாடாளுமன்றமும் கூகுளுக்குக் கொடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரின் பாடம்

இயங்குதளம் பொறியாளர்களின் விவகாரம், தொழிலாளி வர்க்கத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பதில் சொல்கிறது.

2006-இல் அங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுமார் 8,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், அங்கே கைப்பேசிகளைச் செய்தார்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைமை தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த முடிவில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிலாளியின் கருத்தை யாரும் கேட்கவில்லை. சந்தை சரிந்தது. கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. காரணம் வரி வழக்கு. அந்த வழக்கும் எதைப் பற்றியது? கைப்பேசிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளுக்காகப் பின்லாந்தின் தாய்நிறுவனத்துக்கு அனுப்பிய உரிமத்தொகை மீதான வரியைப் பற்றியது. கருவியைச் செய்த கைகளுக்குக் கூலி. மென்பொருளின் பெயரால் உரிமத்தொகை வெளிநாட்டுக்கு. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அந்த வணிகத்தின் மதிப்பில் 760 கோடி டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. நிறுவனம் அதைத் தாங்கியது. வேலை இழந்த பெண்களின் குடும்பங்கள் தாங்கினவா என்று எந்த ஆண்டறிக்கையும் கணக்கிடவில்லை.

இன்று சந்தாபுராவைச் சுற்றி அதே நாடகத்தின் பெரிய மேடை எழும்பியிருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸின் ஐபோன் பாகங்கள் ஆலை, கோலார் மாவட்டம் நரசாபுராவில் முன்பு விஸ்ட்ரான், இப்போது டாடா, தேவனஹள்ளியில் ஃபாக்ஸ்கான். உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்று மத்திய அரசு 2020-இல் மின்னணு உற்பத்திக்கு அறிவித்தது சுமார் 40,951 கோடி ரூபாய். மக்கள் வரிப்பணம் விற்பனையின் அளவைப் பார்த்து வழங்கப்பட்டது. கூலியின் அளவைப் பார்த்து அல்ல.

நரசாபுராவில் 2020 டிசம்பர் 12 அன்று என்ன நடந்தது என்பதை மறக்கலாகாது. கூலி பாக்கியும் வேலை நேர நீட்டிப்பும் பொறுக்காமல் தொழிலாளர்களின் சினம் வெடித்தது. முதலில் அவர்கள் மீது வழக்குகளும் கைதுகளும் பாய்ந்தன. பின்னர் கூலி வழங்கலில் குறை இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் அரசு கற்ற பாடம் வேறு. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பாஜக ஆட்சி, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் இதற்காக வலியுறுத்தியதாக லண்டனின் ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அந்தத் திருத்தத்தை நீக்கவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய இதே போன்ற மசோதா, தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்துநின்றதால் பத்து நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் முதலாளிகளின் கோரிக்கை ஒன்றே. வேறுபட்டது தொழிலாளர் எதிர்ப்பின் வலிமை.

புதிய வன்பொருள், பழைய கொள்ளை

இனி வரும் கைப்பேசிகளின் விளம்பரமெல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. அதற்கு அதிக நினைவகம் வேண்டும். 2023 செப்டம்பரில் சந்தைக்கு வந்த ஐபோன் 15, அடுத்த ஆண்டே ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குத் தகுதியற்றதாயிற்று. அதே வரிசையின் விலையுயர்ந்த ‘புரோ’ வகைகளுக்கே அவை கிடைத்தன. ஓராண்டில் ஒரு கருவியைப் பழையதாக்க உடைக்க வேண்டியதில்லை. இயங்குதளத்தில் ஒரு வரி போதும்.

இதற்கிடையே உலகின் நினைவகச் சில்லு உற்பத்தி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கூடுதல் விலை கொடுப்பதால், உற்பத்தித் திறன் அங்கே திருப்பிவிடப்படுகிறது. 2025-இன் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. இந்தச் சுமை முதலில் விழுவது மலிவு விலைக் கைப்பேசிகள் மீது. அதாவது சந்தாபுராவின் தவணைக்காரர்கள் மீது. தரவு மையங்களின் சூதாட்டத்துக்கு உணவு கொண்டுசெல்லும் தொழிலாளி வட்டி கட்டுகிறார்.

பழைய கருவியையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கிறது; சில ஆண்டுகளில் வேலை தரும் செயலியும் பழைய பதிப்பில் இயங்க மறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பும், 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் பழுதுநீக்க உரிமைக்கென இணையவாசல் ஒன்றைத் திறந்தார்கள்; கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றவில்லை. ஐரோப்பாவில் சட்டத்துக்குப் பணியும் அதே நிறுவனங்கள் இங்கே சலுகை பெறுகின்றன.

‘சுதேசி’ முகமூடி

இதற்கெல்லாம் ‘சுதேசி இயங்குதளம்’ தீர்வு என்கிறார்கள் மத்திய அமைச்சர்கள். 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளர்த்தெடுத்த நிறுவனமொன்றின் பார்ஓஎஸ் இயங்குதளத்தை அமைச்சர்கள் மேடையில் சோதித்துக் காட்டினர். அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடிப்படையாகக் கொண்டதே. அதை உருவாக்கிய பொறியாளர்களுக்கு அது இழுக்கல்ல. ஆனால் படம் எடுத்துக்கொண்ட அரசு, அதைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுசேர்க்கும் முதலீட்டையோ பொதுத்துறை உற்பத்தியையோ முன்வைத்ததா? இல்லை. ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை தொலைத்தொடர்பு ஆலை பெங்களூருவிலேயே நலிந்து கிடக்க, ஊக்கத்தொகை ஃபாக்ஸ்கானுக்குப் போகிறது.

அரசின் உண்மையான அக்கறை எங்கே இருக்கிறது என்பதை 2025 நவம்பர் 28-இன் உத்தரவு காட்டிவிட்டது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய கைப்பேசியிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்றது தொலைத்தொடர்புத் துறை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் டிசம்பர் 3 அன்று பின்வாங்கியது. பெகாசஸ் விவகாரத்தை 2021-இல் கண்ட மக்கள் இதை நம்பாததில் வியப்பில்லை. ஏகபோக நிறுவனத்தின் பிடியை எதிர்ப்பது, உளவு பார்க்கும் அரசின் பிடிக்குள் போவதற்காக அல்ல.

மாற்று சாத்தியமில்லை என்பதும் பொய். 2019-இல் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு, சீனத்தின் ஹுவாவே 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டைச் சாராத ஹார்மனி இயங்குதளத்தை வெளியிட்டது. அதுவும் ஒரு நிறுவனத்தின் கையில் உள்ளதே. அப்படியே பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அல்ல. ஆனால் அமெரிக்க இரட்டை ஏகபோகம் இயற்கை விதி அல்ல என்பதை அது நிரூபித்தது. நம் நாட்டிலேயே கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பொதுப்பணத்தில் உருவாக்கி, அனைவருக்கும் திறந்துவைத்த அந்த வழி கைப்பேசிக்கும் பொருந்தும்.

கோரிக்கைகள்

கோரிக்கைகள் தெளிவானவை. வேலைக்குக் கைப்பேசி கட்டாயமென்றால் அதன் விலையையும் இணையச் செலவையும் வேலை வாங்கும் நிறுவனமே ஏற்க வேண்டும். 2025-இல் கர்நாடகம் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் நலச் சட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் குறைந்தபட்சப் புதுப்பிப்புக் காலமும் உதிரிபாகமும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். எந்தச் செயலியை நிறுவுவது என்ற உரிமை கருவியின் உடைமையாளருக்கே இருக்க வேண்டும். ஊக்கத்தொகை பெறும் ஆலையில் நிரந்தர வேலையும், 8 மணி நேரமும், சங்கம் அமைக்கும் உரிமையும் நிபந்தனையாக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றுக்கு நேர் எதிரானவை. அவற்றை முறியடிக்காமல் இவற்றில் எதுவும் கைகூடாது.

தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓசூரில் ஐபோன் பாகத்தைச் செய்யும் பெண்ணும், எலக்ட்ரானிக் சிட்டியில் இரவெல்லாம் நிரல் எழுதும் பொறியாளரும், சந்தாபுரா சந்திப்பில் அடுத்த அழைப்புக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞரும் ஒரே பொருளின் மூன்று முனைகளில் சுரண்டப்படுகிறார்கள். மூவரும் ஒரே நெடுஞ்சாலையில் பயணம் செய்கிறார்கள். இன்னும் ஒரே சங்க மேடையில் சந்திக்கவில்லை. அவர்களைச் சந்திக்க வைப்பதே இயக்கத்தின் உடனடிப் பணி.