280 குதிரைகள்... மிச்சம் எங்கே?

டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் காரில் பவரைக் கூட்ட எவ்வளவு செலவாகும்? லட்சங்களில் யோசிக்காதீங்க பாஸ். நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர், அதுவும் ஆர்32 மாடலாக இருந்தால் செலவு பூஜ்யம்! பானெட்டைத் திறந்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் குட்டி வளையத்தை எடுத்துவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டினால் போதும். வண்டி சீறும்.

எத்தனை நாள் சீறும் என்பதுதான் இந்த வார மேட்டர்.

முதலில் ஒரு ஜப்பான் ஃப்ளாஷ்பேக். 1989-ல் இந்த கார் வந்தபோது நிசான் அறிவித்த பவர் 280 குதிரைத்திறன். அப்போது ஜப்பான் கார் கம்பெனிகளுக்குள் ஒரு ஒப்பந்தம். எவ்வளவு வேகமான கார் செய்தாலும் 280-க்கு மேல் யாரும் கணக்குக் காட்டக் கூடாது. சட்டமெல்லாம் இல்லை, சும்மா வாய் வார்த்தைதான். 2004 வரை ஓடியது. கிளாஸ் டெஸ்ட்டில் கடைசி பெஞ்ச் மொத்தமும் ஒரே மார்க் வாங்கினால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் இதற்கும்!

உண்மையில் அந்த ஆர்.பி.26 இன்ஜின் ரேஸுக்காகவே பிறந்தது. ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ, 2,568 சி.சி. அதென்ன இப்படி ஒரு அளவு? அன்றைய 'குரூப் ஏ' ரேஸ் விதிப்படி டர்போ இன்ஜின் என்றால் சி.சி-யை 1.7-ஆல் பெருக்குவார்கள். பெருக்கிப் பாருங்க, 4,366 வரும். 4,500 சி.சி. பிரிவுக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் நடந்த 29 ரேஸ்களில் 29-லும் இந்த கார்தான் ஜெயித்தது. ரேஸ் வண்டியில் 500 குதிரைக்கு மேல் தாங்கிய இரும்பு பிளாக் இது. அதையேதான் ரோட்டு வண்டியிலும் வைத்து, 280 என்று லேபிள் ஒட்டி விற்றார்கள்.

சரி, அந்தக் குட்டி வளையம் என்ன செய்கிறது? வீட்டில் குக்கர் பார்த்திருப்பீங்க. மேலே இருக்கும் வெயிட்தான் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதை முடிவு செய்யும். டர்போவில் அந்த வேலையை 'வேஸ்ட்கேட்' பார்க்கிறது. அழுத்தம் ஒரு அளவைத் தொட்டதும் கதவைத் திறந்து, எக்ஸாஸ்ட் புகையை டர்போவுக்குள் விடாமல் சைடில் அனுப்பிவிடும். அந்தக் கதவைத் தள்ளும் காற்றில் கொஞ்சத்தை வெளியே கசியவிட்டால், கதவு லேட்டாகத் திறக்கும். பூஸ்ட் ஏறும் (குடிக்கிற பூஸ்ட் இல்லை!). எவ்வளவு கசியலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் வளையத்தின் வேலை. அதை எடுத்தால் சுமார் 0.7 பார் இருந்த பூஸ்ட், சுமார் 1 பார் ஆகிவிடும்.

வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார். அதையும் சேர்த்தால் 1.7 இருந்தது 2 ஆகிறது. கிட்டத்தட்ட 18 சதவிகிதம் கூடுதல். 280-ல் 18 சதவிகிதம்... ஐம்பது குதிரை! பேப்பரில் பார்க்க செமையாக இருக்கு இல்ல?

இங்கேதான் நம்ம தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார் உள்ளே வருகிறார். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரி காற்றை 2 பாருக்கு அமுக்கினால், ஃபார்முலாப்படியே 95 டிகிரி தாண்டும். கம்ப்ரஸரின் எஃபிஷியன்சி 70 சதவிகிதம் என்று வைத்தால் 125 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். இன்டர்கூலர் குளிர வைக்கும்தான், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

சூடான காற்று கொண்டு வரும் வில்லன் பெயர் 'நாக்கிங்'. ஸ்பார்க் பிளக் பொறி வைத்து, தீ ஒரு பக்கத்திலிருந்து பரவி வரும்போது, மூலையில் மாட்டிய பெட்ரோல் கலவை அமுங்கிச் சூடாகி, தீ வருவதற்குள் தானாகவே வெடித்துவிடும். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். பரீட்சையில் இது ரெண்டு மார்க் கேள்வி, பிஸ்டனுக்கு வாழ்வா சாவா பிரச்னை. ஃபுல் பூஸ்ட்டில் கொஞ்ச நேரம் பலமாக நாக் ஆனாலே பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகும்.

ஆக, பூஸ்ட்டைக் கூட்டுவது டியூனிங்கே இல்லை. கூட்டிய பிறகு இன்ஜினை உயிரோடு வைத்திருப்பதுதான் டியூனிங்.

காரை டைனோ உருளைகள் மேல் கட்டி வைத்து டியூனர் உட்காருவார். நிசான் கம்ப்யூட்டருக்குள் 16-க்கு 16 கட்டம் போட்ட அட்டவணைகள் இருக்கும். ஒரு பக்கம் ஆர்.பி.எம், இன்னொரு பக்கம் லோடு. பெட்ரோலுக்கு ஒரு 256 கட்டம், ஸ்பார்க் டைமிங்குக்கு ஒரு 256 கட்டம். ஒரு பங்கு பெட்ரோலை முழுசாக எரிக்க 14.7 பங்கு காற்று வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஃபுல் பூஸ்ட்டில் அந்த 14.7-ஐ 11.5, 12 என்று இறக்குவார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த ஊதாரித்தனம்.

டைமிங்கில்தான் கலையே இருக்கிறது. இன்ஜின் பிளாக்கில் ஒரு மைக்கைப் பொருத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஸ்பார்க்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் நகர்த்துவார். கோலிக்குண்டு சத்தம் லேசாகக் கேட்டாலும் போதும், ரெண்டு டிகிரி பின்வாங்கல்! பூஸ்ட்டை இன்னும் ஏற்றினால் டைமிங்கை இன்னும் இறக்க வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் மீட்டரில் பூஸ்ட் கூடும், சக்கரத்தில் பவர் குறையும். பூஸ்ட் மீட்டரைக் காட்டி சீன் போடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

பெட்ரோலும் முக்கியம். ஜப்பான் பங்குகளில் 100 ஆக்டேன் பெட்ரோல் சாதாரணமாகக் கிடைக்கும். அதை நம்பிப் போட்ட டைமிங்கோடு இந்தப் பழைய கார்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், அங்கே 95 ஆக்டேன் குடித்தால்? வளையத்தைத் தொடாமலேயே நாக்கிங் ரெடி.

ஆர்32-க்கென்று சொந்த வியாதிகளும் உண்டு. சீக்கிரம் சுழல வேண்டும் என்பதற்காக டர்போவின் டர்பைன் சக்கரத்தை செராமிக்கில் செய்தார்கள். லேசானது, சூப்பர். ஆனால் 1 பாரைத் தாண்டினால் சூட்டிலும் வேகத்திலும் சக்கரம் தண்டிலிருந்து கழன்று சிதறும். ரேஸுக்காக வந்த என்1 மாடலில் நிசானே உலோகச் சக்கரம்தான் போட்டது. அடுத்தது ஆயில் பம்ப். கிராங்க் ஷாஃப்ட் அதைப் பிடிக்கும் இடம் ஆரம்பகால இன்ஜின்களில் ரொம்பக் குறுகல். அதிக ஆர்.பி.எம்மில் பம்ப்பின் பல்சக்கரமே உடையும். பின்னால் வந்த இன்ஜின்களில் அந்த இடத்தை அகலமாக்கினார்கள்.

இன்றைக்கு இந்த இன்ஜின்களுக்கு வயது முப்பதுக்கு மேல். அதனால் விவரமான டியூனர் 'எத்தனை குதிரை வேணும்?' என்று ஆரம்பிக்க மாட்டார். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்ப்பார். ஆறில் ஒன்று மட்டும் கீழே நின்றால், அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்கவே மாட்டார்.