தூரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும்

நமது பாடசாலை ஊடகப் பிரிவுக்கு ஒரு ஸூம் லென்ஸ் வாங்கித் தர பழைய மாணவர் பெட்ச் ஒன்று முன்வந்திருக்கிறது. மகிழ்ச்சி. அவர்களுக்கு நன்றி. ஆனால் வாட்ஸ்அப் குழுமத்தில் "எவ்வளவு தூரம் எடுக்கும்?" என்ற ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் முதலில் கேட்க வேண்டியது, எந்த நேரத்தில் எடுக்கப் போகிறோம் என்பதைத்தான்.

நமது இல்ல விளையாட்டுப் போட்டியை யோசித்துப் பாருங்கள். அதிதிகள் வந்து, அணிவகுப்பு முடிந்து, 100 மீற்றர் இறுதியும் அஞ்சலோட்டமும் வரும்போது வெயில் சாய்ந்துவிடும். உதைபந்தாட்டமும் அப்படித்தான். மஃரிபுக்குச் சற்று முன்புதான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

ஒரு பிள்ளை செக்கனுக்கு 8 மீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/250 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் 3 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். முகம் கலங்கிவிடும். 1/1000 என்றால் ஒரு சென்ரிமீற்றர் கூட நகராது. எஃப் 5.6 லென்ஸில் 1/250 கிடைக்கும் அதே மாலை வெளிச்சத்தில், எஃப் 2.8 லென்ஸ் 1/1000 தரும். அது நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

"ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்கிறார்கள். அது படம் பிடிப்பவரின் கை நடுக்கத்தைக் குறைக்கும். ஓடுபவரை நிறுத்தாது. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம்தான். ஆனால் நம்மிடம் இருப்பது பழைய கெனன் கெமரா. அளவு மீறிக் கூட்டினால் முகத்தில் மணல் தூவியது போலிருக்கும்.

குழுமத்தில் பேசப்படுவது மூன்று வகை. 75-300 விலை குறைவு, பாரமும் குறைவு. காலை வெயிலில் நன்றாக எடுக்கும், மாலையில் திணறும். சிக்மா, டம்ரொன் கம்பனிகளின் 150-600 பார்க்கப் பெரிது, 2 கிலோவைத் தொடும். பவுண்டரிக்கு வெளியே நின்று பகலில் கிரிக்கெட் எடுக்க அதுதான் சரி. ஆனால் 600இல் அதன் துளை எஃப் 6.3 மட்டுமே. மூன்றாவது 70-200 எஃப் 2.8. நமது கெமராவில் அதன் 200, முழுச் சட்டகக் கெமராவின் 320 போல நெருக்கமாகக் காட்டும். கெமராவை நிமிர்த்திப் பிடித்தால் 30 மீற்றருக்கு அப்பால் வரும் ஓட்டவீரர் படத்தின் பாதி உயரத்துக்கு நிற்பார். முடிவுக் கோட்டருகே நிற்க நம் பிள்ளைகளுக்கு அனுமதி இருக்கும்போது இதற்கு மேல் தூரம் எதற்கு?

எனவே நமது கருத்து: பாவித்த 70-200 எஃப் 2.8 ஒன்றை வாங்குவோம். ஸ்டெபிலைசர் இல்லாத பழைய மொடல் என்றாலும் பரவாயில்லை. "அந்தக் காசுக்கு ஸ்பைக்ஸ் வாங்கலாமே" என்று ஒரு சகோதரர் கேட்டது நியாயமான கேள்வி. புதிதை விட்டுப் பாவித்ததை வாங்கி, மிஞ்சுவதை ஸ்பைக்ஸுக்கே கொடுப்போம்.

வாங்கும்போது டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் அதிபரின் அலுமாரியில் பூட்டி வைத்தால் நமது கடற்கரை ஈரத்துக்கு அந்தப் பூஞ்சணம் தானாக வரும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், பொறுப்பாக ஒரு ஆசிரியர், இவை மூன்றும் வேண்டும்.

இன்னொன்று. இப்படியான லென்ஸ், பிள்ளைக்குத் தெரியாமலேயே அதன் முகத்துக்குப் பக்கத்தில் போகும். பெண் பிள்ளைகளின் படங்களை ஒரு ஆசிரியை பார்த்த பிறகே வெளியிட வேண்டும். பெற்றோர் வேண்டாம் என்றால் போடக் கூடாது. இந்த விதி லென்ஸ் வருமுன்பே எழுதப்பட வேண்டும்.

இது வெறும் ஆடம்பரம் அல்ல. வலய மட்டத்தில் முதலிடம் பெற்ற எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் அந்த நாளுக்குச் சாட்சியாக இருப்பது ஒரு சான்றிதழும் கலங்கிய போன் படமும்தான். பிள்ளை ஓடிய ஓட்டம் தெளிவாக ஒரு படத்தில் இருக்கட்டும்.

முடிவெடுக்குமுன் ஒரு வேலை செய்வோம். ஊரில் கலியாணப் படம் எடுக்கும் தம்பிமாரிடம் 70-200 இருக்கிறது. ஒரு நாள் கேட்டு வாங்கி, மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் அதையும் 75-300ஐயும் பூட்டி எடுத்துப் பார்ப்போம். இரண்டு படங்களையும் குழுமத்தில் போடுவோம். பிறகு பேசுவோம்.