வேரையும் விசாரிப்போம்!

"இலைதானே! இயற்கைதானே! என்ன கெடுதல் வந்துவிடும்?"

நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்டு நிற்கும் ஏழையிடம் இவ்வாறு கூறி, பொடிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, ஊசியையும் மாத்திரையையும் வீசியெறியச் சொல்வோர் உளர். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "பரம்பரை இரகசியம்" என்பது விடை. எத்தனை பேருக்குத் தந்தீர், எத்தனை பேர் தேறினர் என்று கேட்டாலோ, சினமே விடை!

சிறுநீரகம் வலித்து அலறும் உறுப்பன்று. பெரும்பகுதி கெடும்வரை ஓசையின்றி இருக்கும். அந்த அமைதியைத்தான் முதலாக்கி வாணிகம் நடத்துகின்றனர். நோயாளி நலமாயிருப்பதாக நம்புகிறான். உள்ளே வடிகட்டிகள் ஒவ்வொன்றாய் அழிகின்றன.

மூலிகையை நாம் இகழ்கிறோமா? இல்லை! இந்நோய்க்கு இன்று கிடைத்துள்ள நல்ல மருந்துகளுள் ஒரு வகை மரப்பட்டையில் தொடங்கியதே. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் புளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தனர். அது சிறுநீரில் சர்க்கரையை இறக்குகிறது என்று 1886இல் காட்டினார் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங். அதற்காகப் பட்டையை இடித்துப் பொட்டலம் கட்டவில்லை அறிவியலார். ஏன் இறங்குகிறது என்று கேட்டனர். வடிந்த சர்க்கரையைச் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சும் வாயிலை அது அடைக்கிறது எனக் கண்டனர். குடலிலேயே சிதைந்துவிடும் அதன் குறையையும் கண்டு, அமைப்பைத் திருத்தினர். அவ்வழி வந்தவையே கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் முதலியன.

அப்போதும் "நம்புங்கள்" என்றா சொன்னார்கள்? நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்ற 4,401 பேரை இரு பிரிவாக்கினர். வழக்கமான சிகிச்சையோடு, ஒரு பிரிவுக்குக் கானாகிளிஃப்ளோசின். மறு பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரை. எவருக்கு எது என்று நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். 2019இல் முடிவு வந்தது: சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக, இதய நோய்களால் வரும் சாவு முதலியவற்றைச் சேர்த்து எண்ணியபோது, மருந்துண்டோரிடம் ஆபத்து 30 விழுக்காடு குறைந்திருந்தது.

தோற்ற கதையும் உண்டு. ஒலிவ இலையிலும் கிராம்பிலும் உள்ள ஒலியனோலிக் அமிலத்தைத் திருத்தி பார்டாக்சலோன் என்ற மருந்தை ஆக்கினர். நம்பிக்கை பெரிது, செலவும் பெரிது. 2,185 நோயாளிகளிடம் சோதித்தபோது இதயச் செயலிழப்பு மிகுந்தது. 2012இல் சோதனையை நிறுத்தினர். கணக்கு வைத்திருந்ததால் தீங்கு தெரிந்தது. கணக்கே இல்லாத பொடியின் தீங்கை எவர் அறிவார்? எவர் நிறுத்துவார்?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் சிதைந்தது. உள்ளே கலந்திருந்தது அரிஸ்டலோக்கிக் அமிலம் கொண்ட செடி. அச்செடியின் இனத்தவையே நம் ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும்! அவையும் இயற்கைதாம், அவையும் பழமையானவைதாம். நஞ்சு வயது பார்த்து விலகுமா?

மஞ்சளின் குர்க்குமினும் மரமஞ்சளின் பெர்பெரினும் எலிகளிடம் நற்குறி காட்டியுள்ளன. மகிழ்வோம்; மேலும் ஆராயச் சொல்வோம். ஆனால் எலி தேறியதைச் சொல்லி மனிதனிடம் காசு பறிப்பதை ஒப்போம். நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரமோ வீதியில் திரிகிறது!

இளைஞர்களே! பொட்டலம் நீட்டுவோரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன? எவரிடம் சோதித்தீர்? கெட்டவர் கணக்கு எங்கே? வீட்டிலுள்ள நீரிழிவு நோயாளியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்று, சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் எவ்வளவு என்று பார்க்கச் செய்யுங்கள். விடை சொல்லும் வேரை வரவேற்போம். விடை சொல்ல மறுப்பது எந்த மரபாயினும், அதன் முன் நம் பெற்றோரின் உயிரைப் பணயம் வைக்கமாட்டோம்!