ஆதிச்சநல்லூர்க் கலங்களில் விலங்குருக்கள்

பார்த்தியக் குயவர் வனைந்த விலங்கு வடிவ மட்கலங்களில் கலமே விலங்காகும். கடப்பைப் பகுதிச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா வடிவ ஈமப்பேழையும் அத்தகையதே. பொருநைக் கரையின் ஆதிச்சநல்லூரில் நிலை வேறு. அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களில் எருமையும் பறவையும் கலத்தின்மேல் தனியுருக்களாய் அமைந்துள்ளன. 2004ஆம் ஆண்டு அகழாய்வில் வெளிப்பட்ட தாழியோட்டிலோ பெண், மான், முதலை, கொக்கு ஆகியவை ஒட்டுருவங்களாய் உள்ளன. இவற்றை வெறும் அழகூட்டல் எனக் கடந்துவிடுதல் பொருந்தாது. இறந்தோர்க்குரிய கலங்களில் ஆற்று முதலையும் நீர்நிலைக் கொக்கும் ஏன் இடம்பெற வேண்டும்? சங்கப் பாடலடி ஒன்றை உடனே எடுத்துப் பொருத்துவதும் (நம் துறையினர்க்கு இது எளிது) விடையாகாது. வெண்கலத்தை உலோகவியலாரும் தாழியைப் பானையோட்டு ஆய்வாளரும் தனித்தனியே நோக்கிவருகின்றனர். இவ்விருவகை உருக்களையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுதலே முதற்பணியாதல் வேண்டும்.