ஆட்டுக்குட்டி வாங்க இயலாத அன்னை



ஆண்டின் முதல் நாளில் திருவிவிலியத்தை முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. தொடக்க நூல் கதையாக இனிக்கிறது. விடுதலைப் பயணம் செங்கடலைக் கடக்கும்வரை நம்மை அழைத்துச் செல்கிறது. பின்னர் வருகிறது லேவியர் நூல். எதனைப் பலியிடுவது, எதனை உண்பது, யார் எத்தனை நாள் விலகியிருப்பது என்று 27 அதிகாரங்கள். பலரது வாசிப்பு அங்கே நின்றுவிடுகிறது. குருமடத்தில் பயின்ற காலத்தில் நானும் அப்பக்கங்களைத் தேர்வுக்காக மட்டுமே புரட்டியவன்தான்.

"இயேசு வந்தபின் இப்பழைய சட்டங்கள் எதற்கு?" என்று கேட்போருக்கு, அச்சட்டங்களுள் ஒன்றையே விடையாகக் காட்ட விரும்புகிறேன்.

லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் எட்டே வசனங்களைக் கொண்டது; பிள்ளை பெற்ற தாயின் தூய்மைச் சடங்கைக் கூறுவது. ஆண் குழந்தையாயின் 40 நாட்களும், பெண் குழந்தையாயின் 80 நாட்களும் கழிந்தபின், எரிபலிக்கு ஒரு வயதுச் செம்மறிக் குட்டியையும் பாவம் போக்கும் பலிக்கு ஒரு புறாவையும் அவள் கொண்டுவர வேண்டும். இந்த நாட்கணக்கு இன்று நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை. தாய்மையைத் தீட்டாகக் காண்பதும் நமது விசுவாசமன்று. ஆயினும் இறுதி வசனத்தைக் கவனியுங்கள். ஆட்டுக்குட்டிக்கு வசதியற்றவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவந்தால் போதும். எபிரேய மூலத்தில் அவளது வறுமை 'கை' என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. கைக்கு எட்டவில்லை என்று நாம் சொல்வதைப் போல.

தவறிழைத்தவரின் பலியைக் கூறும் 5ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. ஆட்டுக்கு வழியில்லையா, இரண்டு புறாக்கள் போதும். புறாக்களுக்கும் வழியில்லையா, சிறிதளவு மாவு போதும். வசதியுள்ளவரின் ஆடும் வறியவரின் மாவும் பெற்றுத் தந்தது ஒரே மன்னிப்பையே!

இப்போது லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். மரியாவும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேம் ஆலயத்துக்கு வருகிறார்கள். லூக்கா குறிப்பிடும் காணிக்கை புறாக்கள் மட்டுமே. ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சில்லை. அவர்கள் ஏழைகள் என்றும் அவர் எழுதவில்லை. லேவியர் நூலை அறிந்தவருக்கே அப்புறாக்கள் திருக்குடும்பத்தின் வறுமையைச் சொல்லும். ஆட்டுக்குட்டி வாங்க இயலாத அந்த அன்னையின் கைகளில் இருந்தவரைத்தான், உலகின் பாவத்தைப் போக்கும் ஆட்டுக்குட்டியெனத் திருமுழுக்கு யோவான் பின்னர் சுட்டிக்காட்டினார்.

வறண்டதாகத் தோன்றிய ஒரு சட்டம், இறைமகன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவருடைய தாய்க்கு ஆலயத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தது. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் இந்நூலைப் பற்றி மறையுரைகள் ஆற்றினார். பழைய ஏற்பாட்டில் நிறைவற்றவையும் தற்காலிகமானவையும் உண்டெனினும் அதன் மதிப்பு நிலையானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது.

விருந்து வைக்க வசதியில்லையென்று குழந்தையின் திருமுழுக்கை மாதக்கணக்கில் ஒத்திவைத்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஆட்டுக்குட்டியைக் கேட்டவர் கடவுள் அல்லர். உறவும் ஊர்ப்பேச்சுமே கேட்டன. விழா நாளில் நன்கொடையாளரின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, கொடுக்க இயலாதவர் கடைசி வாங்கில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தோமா? இதனைக் குருக்களாகிய எங்களுக்கும் சேர்த்தே கூறுகிறேன்.

இவ்வாரக் குடும்பச் செபத்தில் லேவியர் 12ஆம் அதிகாரத்தையும் லூக்கா 2:22-24ஐயும் சேர்த்து வாசியுங்கள். கைக்கு எட்டியதையே கடவுள் கேட்கிறார். அதற்கு மேல் நாமும் எவரிடமும் கேளாதிருப்போமாக.